குப்பிக்குள் ஒன்றுமில்லை

கொலை நடந்துகொண்டிருந்த அறையில் ரத்தமில்லை, சத்தமில்லை, பிணமும் இல்லை. சுவரோரமாக ஓர் இரும்புப் பெட்டி, உடம்புச் சூட்டை உள்ளே காத்துக்கொண்டு, மெல்ல முனகிக்கொண்டிருந்தது. அதன் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்தில் ஒரு தட்டைப் புட்டி படுத்துக் கிடந்தது. புட்டிக்குள் கொஞ்சம் இளஞ்சிவப்புத் தண்ணீர். எதிர்க்கட்டடத்தில் படுத்திருக்கும் ஒரு பெண்மணியின் உயிர் அந்தத் தண்ணீருக்குள் இருக்கிறது என்று யாராவது சொல்லியிருந்தால், நேற்று வரை மாப்பிள்ளை சிரித்திருப்பான். இன்று அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

மாப்பிள்ளை என்பது அவன் பெயரில்லை. நாற்பதைத் தாண்டியும் எந்த வீட்டுக்கும் மாப்பிள்ளை ஆகாதவன் அவன். அக்காள் புருஷன் அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, ஊரே அதைப் பிடித்துக்கொண்டுவிட்டது. அந்த அக்காள் புருஷனுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. தராசு. எடை அளவு இன்ஸ்பெக்டராக இருந்து, கடை கடையாக ஏறிக் கள்ள எடைக்கல் பிடித்தவர். ஓய்வு பெற்றதும் கை சும்மா இருக்கவில்லை, யார் வீட்டில் சூது நடந்தாலும் போய்த் துப்பு விசாரித்து, மனிதர்களை நிறுக்கத் தொடங்கிவிட்டார். இப்போது இருவரும் தலையில் காகிதத் தொப்பியும் மேலே வெள்ளை அங்கியும் மாட்டிக்கொண்டு, அந்தப் புட்டியின் முன்னால் நின்றார்கள்.

அவர்களை வரவழைத்தவர், சாக இருப்பவரேதான். இந்த ஆராய்ச்சிக்கூடத்தை ஒற்றை ஆளாகக் கட்டி எழுப்பிய டாக்டரம்மா. அவருக்கு ரத்தத்தில் புற்று. மற்ற வைத்தியங்கள் எல்லாம் கையை விரித்த பிறகு, ஆஸ்பத்திரியின் அனுமதியோடு கடைசியாக ஒன்றைத் துணிந்திருந்தார். அவர் ரத்தத்திலிருந்தே நோயோடு போரிடும் செல்களை எடுத்து, இந்தக் கூடத்தில் அவற்றுக்குப் புற்றை அடையாளம் காணக் கற்றுக்கொடுத்து, பெருக்கி, திரும்ப உடம்பில் ஏற்றுவது. முதல் புட்டியில் செல்கள் செத்தன. இரண்டாவது புட்டியிலும் செத்தன. நேற்றுக் காலை தராசுக்குப் போன் வந்தபோது, பக்கத்தில் பல் துலக்கிக்கொண்டிருந்த மாப்பிள்ளைக்கும் அந்தக் குரல் கேட்டது. அதில் நடுக்கமே இல்லை.

"என்னைக் கொல்றாங்க. நான் படுத்திருக்கிற ரூம்ல இல்ல. எதிர் பில்டிங்ல."

இப்போது இருப்பது மூன்றாவது புட்டி. இனி அவர் உடம்பிலிருந்து எடுக்கச் செல் இல்லை.

"இதுவும் நாளைக் காலைக்குள்ள போயிடும்," என்றாள் பஞ்சு அக்கா.

அவள்தான் செல் அறையின் பொறுப்பாளி. தூசி கிளம்பக்கூடாது என்று வருஷக்கணக்காக அடி மேல் அடி வைத்து நடந்து, பக்கத்தில் வந்து நிற்பது கூடத் தெரியாத நடை அவளுக்கு. அதனால் அந்தப் பெயர். இரண்டு நாளாக அவள் வீட்டுக்குப் போகவில்லை என்பது கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது செல்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல், சுருங்கி, தனித்தனியாகக் கிடக்கின்றன என்றாள். நன்றாக இருந்தால் கொத்துக் கொத்தாகக் கூடி நிற்குமாம்.

சாப்பாடு போதவில்லையா என்று தராசு கேட்டார். சாப்பாட்டுக்குக் குறைவில்லை, அந்தத் தண்ணீர் முழுக்கச் சாப்பாடுதான் என்றாள் அவள். குறைவது வேறு ஒன்று. சைட்டோகைன் என்று ஒரு வகைப் புரதம். நம் உடம்பில் ஒரு செல் இன்னொரு செல்லுக்கு அனுப்பும் சேதி அது. வெளியே வளர்க்கும்போது அந்தச் சேதியை நாம்தான் ஊற்ற வேண்டும். மனிதனின் மரபணுவை ஒரு கிருமிக்குள் செருகி, அந்தக் கிருமியைக் கொண்டே அந்தப் புரதத்தைச் செய்யவைத்து, உலர்த்திக் குப்பியில் அடைத்து விற்கிறார்கள்.

"எதிர்ல சோறு இருக்கும். சாப்பிடு, பொழைச்சுக்கோன்னு சொல்ல ஆள் இருக்காது. அந்தக் குரல் இல்லைன்னா செல் தானே செத்துப் போயிடும்," என்றாள்.

"எங்க அக்கா மாதிரி. சாப்பிட்டியாடான்னு அவ கேக்கலைன்னா நானும் ரெண்டு நாள் தாங்க மாட்டேன்," என்றான் மாப்பிள்ளை.

பஞ்சு அக்கா சிரிக்கவில்லை. "அதேதான்," என்றாள்.

அவள் குளிர்ப்பெட்டியிலிருந்து ஒரு குப்பியை எடுத்தாள். சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும். அடியில் வெள்ளையாகப் பொடி. மூடியைத் தொடுவதற்கு முன், குப்பியின் அடியை மேஜைமேல் இரண்டு முறை தட்டினாள். டொக், டொக். கதவைத் தட்டி உத்தரவு கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவீர்களா என்று மாப்பிள்ளை கேட்டான். வரும் வழியில் குலுங்கிக் குலுங்கிப் பொடி மூடியில் ஏறி ஒட்டிக்கொள்ளும், தட்டாமல் திறந்தால் சரக்கு காற்றோடு போய்விடும் என்று அவள் விளக்கினாள். மெஷினில் சுற்றி இறக்கினாலும் கையும் ஒரு தட்டு தட்டும். இந்தத் தொழிலுக்கு வந்த முதல் நாள் கற்பது அதுதான்.

"தூக்கத்துல எழுப்பிக் குடுத்தாலும் தட்டிட்டுத்தான் திறப்பேன்," என்றாள்.

தராசு குப்பியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். எடை என்று வந்துவிட்டால் அவருக்குப் பழைய உத்தியோகம் திரும்பிவிடும். இதில் சரக்கு எவ்வளவு என்று கேட்டார். ஒரு கல் உப்பை நூறாக உடைத்தால் அதில் ஒரு துணுக்கு என்றாள் பஞ்சு அக்கா. அப்படியானால் இந்த வெள்ளை என்ன என்றார். கூடக் கலந்த சர்க்கரை மாதிரி ஒரு பொடி, சில கம்பெனிகள் கலப்பதுண்டு, இந்தப் புது வகை அப்படித்தான் வரும் என்று டாக்டரம்மாவுக்கு அடுத்தபடியாக இருக்கும் சின்ன டாக்டர் சொன்னார் என்றாள்.

"புது வகை எப்பலேர்ந்து?"

"அம்மாவோட முதல் புட்டியிலேர்ந்து." சொல்லிவிட்டு அவளே ஒரு கணம் நின்றாள். பழைய வகைச் சரக்கு வந்ததாம், வழியில் கெட்டுப்போய்விட்டது என்று சின்ன டாக்டர் சொன்னாராம். அவள் கண்ணால் பார்க்கவில்லை. சரக்கு வாங்குவது கீழே ஸ்டோரில். ஸ்டோரைப் பார்ப்பவர் டாக்டரம்மாவின் வீட்டுக்காரர். ஒவ்வொரு குப்பியையும் அவரே தன் கையால் கொண்டுவந்து கொடுக்கிறார்.

தராசு ஜன்னல் பக்கம் திரும்பினார். தெருவுக்கு அந்தப்புறம், மூன்றாவது மாடியில், கண்ணாடி அறை தெரிந்தது. தலையணைமேல் ஒரு தலை, இந்தப் பக்கமே பார்த்தபடி. இந்த அறையில் விளக்கு எரியும் வரை புட்டி உயிரோடு இருக்கிறது என்று டாக்டரம்மாவுக்குத் தெரியும், அதனால் பகலிலும் விளக்கை அணைப்பதில்லை என்றாள் பஞ்சு அக்கா. கத்தியோடு வருபவனைத் தடுக்கலாம். தன் சாவு தெருவுக்கு எதிரே கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதைப் படுத்தபடி பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு என்ன செய்வது?

சின்ன டாக்டரின் அறை மாடியில் இருந்தது. டாக்டரம்மா இல்லாத நாளில் கூடம் அவர் பொறுப்பு. சுத்தமான மனிதர். நகம், மேஜை, பேச்சு எல்லாமே சுத்தம். சுவர் நிறைய அவருடைய ஆராய்ச்சி வரைபடங்கள் சட்டம் போட்டு மாட்டியிருந்தன. எல்லாக் கோடுகளும் நல்ல பிள்ளைகளைப் போல ஏறுமுகமாகவே இருந்தன. டாக்டரம்மா எனக்குத் தாய் மாதிரி என்று ஆரம்பித்தார். தாய் மாதிரி என்று ஆரம்பிப்பவர்களிடம் மாப்பிள்ளைக்கு ஒரு தனி ஜாக்கிரதை உண்டு, ஏனென்றால் அவனும் பலரிடம் அப்படி ஆரம்பித்துத்தான் சாப்பாடு வாங்கியிருக்கிறான்.

பழைய சரக்கைப் பற்றித் தராசு கேட்டார். சின்ன டாக்டர் பெருமூச்சு விட்டார். வெளியில் சொன்னால் கூடத்தின் மானம் போகும் என்றுதான் பஞ்சு அக்காவிடம் கெட்டுப்போனது என்று சொன்னாராம். உண்மையில் கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான். பெட்டி முழுக்கக் காலிக் குப்பி. சாட்சிக்கு ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன் என்று மேஜையின் இழுப்பறையைத் திறந்தார். குப்பியை எடுத்தார், மேஜைமேல் டொக் டொக் என்று தட்டினார், ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"பாருங்க. ஒண்ணுமில்ல."

மாப்பிள்ளை கழுத்தை நீட்டிப் பார்த்தான். உண்மையாகவே ஒன்றுமில்லை. கழுவிக் கவிழ்த்த கிளாஸ் மாதிரிப் பளிச்சென்று இருந்தது. சின்ன டாக்டர் மூடியைப் பிடுங்கிக் குப்பியைக் குப்பைத்தொட்டியில் போட்டார். பிறகு ஆறிப்போயிருந்த தன் தேநீரை அதன் தலையில் ஊற்றினார். எதற்கும் வீட்டுக்காரரைக் கொஞ்சம் விசாரியுங்கள் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். வாங்கியது அவர், கொண்டுவந்தது அவர், மாற்றியது அவர். அந்தப் பெட்டியைத் தூக்கிப் போடச் சொல்லியும் அவர் போட்டதாகத் தெரியவில்லை. பாவம், மனைவி இத்தனை பெரிய ஆள், அவர் ஸ்டோரில் சாவிக்கொத்தோடு. மனசுக்குள் என்ன இருக்கிறதோ.

படி இறங்கும்போது மாப்பிள்ளை வாயை அடக்க முடியாமல் கேட்டான். "அத்தான், அவர் குப்பியைக் காட்டினாரு, நீங்க அவரையே பாத்துக்கிட்டு இருந்தீங்க. எனக்குப் பொண்ணு பாக்க வந்தப்பவும் இப்படித்தான் பொண்ணை விட்டுட்டு அவ அப்பாவையே பாத்தீங்க. அதான் இன்னிக்கி வரைக்கும் தனியா நிக்கிறேன்."

"முள்ளைப் பாத்தவன் ஏமாந்து போவான் மாப்ளே. தராசு முள் எங்க வேணா நிக்கும். அது தட்டுக்கடியில இருக்கிற சுண்டுவிரலோட வேலை. நான் முப்பது வருஷம் பாத்தது முள்ளை இல்ல, கையை," என்றார் தராசு. ஏதோ ஒரு கணக்கு அவருக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டுக்காரரின் குடியிருப்பு கூடத்துக்குப் பின்னால் இருந்தது. மழை பிடித்திருந்தது, மதியமே சாயங்காலம் போல இருண்டிருந்தது. கதவைத் திறந்தவர் ஒல்லியான மனிதர். சட்டைப் பொத்தான் ஒன்று தவறி அடுத்த துளையில் மாட்டியிருந்தது. கழுவும் தொட்டியில் ஒரே ஒரு தட்டு, ஒரே ஒரு தம்ளர். கேட்ட கேள்விக்கெல்லாம் அவர் பதில் சொன்னார். ஆமாம், குப்பிகள் காலியாக வந்தன. ஆமாம், அவர்தான் வேறு வியாபாரியிடமிருந்து புதிய சரக்கை வரவழைத்தார், அந்த வியாபாரியைக் காட்டியது சின்ன டாக்டர். ஆமாம், பழைய பெட்டியை அப்புறப்படுத்தியாயிற்று. அதைச் சொல்லும்போது மட்டும் அவர் கண் சமையலறைப் பக்கம் போய் வந்தது.

மாப்பிள்ளைக்கு அது போதும். தாகமாயிருக்கிறது என்று எழுந்து, வீட்டுக்காரர் தடுப்பதற்குள் சமையலறைக்குள் போய்க் குளிர்ப்பெட்டியின் மேல்கதவைத் திறந்தான். ஐஸ் தட்டை நகர்த்தினான். பின்னால் ஒரு சிறிய அட்டைப்பெட்டி, ஓரமெல்லாம் உறைபனி. உள்ளே வரிசையாகக் குப்பிகள். எல்லாம் பளிச்சென்று காலி.

பெட்டியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தான். மாப்பிள்ளைக்கு அந்த மனிதரைப் பார்க்கவே பயமாக இருந்தது. ஒற்றைத் தட்டில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டு, பொத்தானைத் தப்பாகப் போட்டுக்கொண்டு, பெண்டாட்டியைப் பட்டினி போட்டுக் கொல்கிறவன் இப்படித்தான் இருப்பானா?

"காலிக் குப்பியை எதுக்குங்க ஐஸ் பெட்டியில வெச்சிருக்கீங்க? ஓடிப் போயிடும்னா?" என்றான் மாப்பிள்ளை. கேலியாகத்தான் ஆரம்பித்தான், கேலியாக முடியவில்லை.

வீட்டுக்காரர் பெட்டியைத் தன் பக்கம் இழுத்து மூடியைத் திருப்பிக் காட்டினார். பேனாவால் எழுதியிருந்தது. 'என்னுடையது. குளிரில் வைக்கவும்.' கொஞ்சம் சாய்ந்த, அவசரக் கையெழுத்து.

"அவ எழுதினது. ஆஸ்பத்திரிக்குப் போற அன்னிக்கி, சரக்கு வந்ததும் பிரிச்சுக்கூடப் பாக்காம மூடியில எழுதிட்டுப் போனா." அவர் அந்த எழுத்தை விரலால் தடவினார். "காலின்னு எனக்கும் தெரியும். தூக்கிப் போடத்தான் எடுத்தேன். கை வரலை. அவ குளிர்ல வைன்னு எழுதியிருக்கா, வெச்சேன். அவ எழுதினா நான் செய்வேன். முப்பது வருஷமா அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டான். தராசு மெதுவாக அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"இதெல்லாம் காலின்னு நீங்களா கண்டுபிடிச்சீங்களா, யாராவது காட்டினாங்களா?"

"சின்ன டாக்டர்தான். ஒவ்வொண்ணா வெளிச்சத்துல காட்டினாரு. அவகிட்ட சொல்லாதீங்க, மனசு விட்டுடுவாங்கன்னாரு."

"காட்டறதுக்கு முன்னாடி என்ன பண்ணினாரு? நல்லா யோசிச்சு சொல்லுங்க."

வீட்டுக்காரர் விழித்தார். பிறகு அவர் கை தானாக எழுந்து, இல்லாத ஒரு குப்பியை மேஜைமேல் தட்டியது. டொக், டொக்.

தராசு எழுந்துவிட்டார். "காலிக் குப்பியை எவன்யா தட்டுவான்?"

மாப்பிள்ளையின் மண்டைக்குள் அப்போதுதான் விளக்கு எரிந்தது. மாடியில், அவன் கண்ணெதிரே, அதே டொக் டொக். மூடியில் ஒட்டியிருக்கும் சரக்கைக் கீழே இறக்குவதற்குத்தான் தட்டுவது என்று பஞ்சு அக்கா சொல்லியிருந்தாள். உள்ளே ஒன்றுமில்லை என்று நிஜமாகவே நம்புகிறவன் எதை இறக்கத் தட்டுகிறான்? வாய் காலி என்றது. கை இருக்கிறது என்றது. ஒரு கல் உப்பின் நூறில் ஒரு துணுக்கு, எந்தக் கண்ணுக்குத் தெரியும்? அசல் சரக்கு கண்ணுக்குத் தெரியாது என்பது அந்தத் தொழிலில் இருப்பவனுக்குத் தெரியும். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஸ்டோர்க்காரருக்கு அது தெரியாது. அசலைக் குப்பை என்று நம்பவைத்து, வெறும் வெள்ளைப் பொடியை அவர் கையாலேயே அவர் மனைவிக்குக் கொடுக்க வைத்திருக்கிறான்.

"நிறைகுடம் தளும்பாதும்பாங்க அத்தான். நிறைகுப்பி கண்ணுக்கே தெரியாது போல," என்றான்.

ஏன் என்று வீட்டுக்காரர் கேட்டார். அந்த ஒரு சொல்லைத்தான் அவரால் கேட்க முடிந்தது. உங்கள் மனைவிக்கும் சின்ன டாக்டருக்கும் ஏதாவது மனத்தாங்கலா என்று தராசு திருப்பிக் கேட்டார். அப்படி எதுவுமில்லை என்றார் அவர். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மட்டும், சின்ன டாக்டரின் வரைபடங்களில் ஏதோ இடிக்கிறது, திரும்பி வந்ததும் மூல விவரங்களை உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று அவரிடமே சொல்லிவிட்டுப் போனாளாம்.

"திரும்பி வந்ததும்," என்று தராசு அந்தச் சொல்லை மட்டும் மெல்லத் திரும்பச் சொன்னார்.

அப்போது மாப்பிள்ளை தற்செயலாக ஜன்னலைப் பார்த்தான். மழைக்குள்ளே கூடத்தின் பின்புறம் தெரிந்தது. செல் அறையின் பின்பக்க ஜன்னலும் தெரிந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதில் விளக்கு அணைந்தது.

மூவரும் ஓடினார்கள். பெட்டியை மாப்பிள்ளை சட்டைக்குள் அணைத்துக்கொண்டு ஓடினான். படிக்கட்டில் இரண்டு முறை வழுக்கினான், பெட்டியை விடவில்லை. தெருவுக்கு எதிரே அந்தத் தலை இந்நேரம் எழுந்து உட்கார்ந்திருக்கும் என்ற நினைப்பு அவனைத் துரத்தியது.

செல் அறையின் கதவு திறந்திருந்தது. நடைபாதை வெளிச்சத்தில் சின்ன டாக்டர் நின்றிருந்தார். ஒரு கையில் புட்டி. மறு கையில் பிளீச்சிங் திரவம் நிறைந்த குவளை. பஞ்சு அக்கா எதிரில் வழியை மறித்துக்கொண்டு, அழுதுகொண்டே, ஆனால் ஓரடி கூட நகராமல் நின்றாள். செத்த செல்லை வைத்துக்கொண்டிருந்தால் கிருமி பரவும், அறையை மூட உத்தரவிட்டுவிட்டேன் என்று அவர் அமைதியாக விளக்கினார். அந்த அமைதிதான் பயங்கரமாக இருந்தது. தட்டிவிட்டால் புட்டி போய்விடும். கையைப் பிடித்தால் குவளை சாய்ந்துவிடும். மாப்பிள்ளை அசையாமல் நின்றான்.

தராசு மூச்சு வாங்கியபடி, ரொம்ப மரியாதையாகப் பேசினார். டாக்டர் சொல்வதுதான் சரி, செத்ததைக் கொட்டிவிட வேண்டியதுதான் என்றார். பஞ்சு அக்கா அவரை நம்பாமல் பார்த்தாள். தராசு தன் பாட்டுக்கு விளக்கைப் போட்டுவிட்டு மாப்பிள்ளையிடம் கையை நீட்டினார். மாப்பிள்ளை பெட்டியிலிருந்து ஒரு குப்பியை எடுத்துக் கொடுத்தான்.

"ஒரே ஒரு சின்ன உதவி டாக்டர். இந்த மனுஷன் பழைய பெட்டியை ஒளிச்சு வெச்சிருந்தாரு, நீங்க சொன்ன மாதிரியே. இது காலிதான்னு இவங்க முன்னாடி திறந்து காட்டிடுங்க. இவரைப் போலீஸ்ல ஒப்படைச்சுட்டு நாங்க கிளம்பறோம்."

சின்ன டாக்டரின் முகத்தில் ஒரு நிம்மதி பரவியது. இரண்டு கையும் வேண்டும். குவளையை மேஜைமேல் வைத்தார். புட்டியை அதன் பக்கத்தில் வைத்தார். குப்பியை வாங்கினார். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்.

டொக், டொக்.

பஞ்சு அக்காவின் அழுகை சட்டென்று நின்றது. அவள் அந்தக் கையைப் பார்த்தாள், குப்பியைப் பார்த்தாள், பெட்டியின் மூடியைப் பார்த்தாள். அவளுக்கு யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சத்தமே இல்லாமல் அந்த நடை இரண்டடி வந்தது, புட்டி அவள் கைக்குள் போய்விட்டது.

"இது அசல்," என்றாள். "இது அத்தனையும் அசல்."

சின்ன டாக்டர் தன் கையிலிருந்த குப்பியைக் குனிந்து பார்த்தார், அது யாருடைய கை என்று யோசிப்பவரைப் போல. பிறகு, "நான் யாரையும் தொடக்கூட இல்லை," என்றார்.

"தொடலைதான். தட்டினீங்க," என்றார் தராசு.

மாப்பிள்ளை குவளையை எட்ட நகர்த்தி வைத்துவிட்டுக் கதவை அடைத்துக்கொண்டு நின்றான். போலீஸ் வரும் வரை சின்ன டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்து தன் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைப் பொடிக் குப்பிகளைத் தராசு ஒரு பையில் போட்டுச் சோதனைக்கு ஒப்படைத்தார். பஞ்சு அக்கா யாரையும் கவனிக்கவில்லை. குப்பியைத் திறந்து, துளித் துளியாக நீர் விட்டு, நுரை வராமல் சாய்த்துச் சாய்த்துக் கரைத்து, புட்டிக்குள் விட்டாள். அந்தத் தண்ணீரில் எந்த மாற்றமும் தெரியவில்லை. ஒன்றுமில்லாததிலிருந்து ஒன்றுமில்லாததை ஊற்றியது போல இருந்தது. செல்கள் இதற்குள் மனம் விட்டிருந்தால் இனி எந்தக் குரலும் கேட்காது, காலையில்தான் தெரியும் என்றாள்.

அன்றிரவு விளக்கு அணையவில்லை.

விடிந்ததும் பஞ்சு அக்கா மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் கண்ணை வைத்திருந்தாள். பிறகு எழுந்து இடம் விட்டாள். மாப்பிள்ளை குனிந்து பார்த்தான். பாதிக்கு மேல் தூசியாகக் கிடந்தது. ஆனால் ஒரு மூலையில் சின்னச் சின்னதாய், கூட்டம் கூடிப் பேசுகிற மாதிரி, கொத்துகள். இது போதுமா என்று கேட்டான். போதாது, ஆனால் பெருகும் என்றாள் அவள்.

ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், கண்ணாடிக்கு இந்தப்புறம் வீட்டுக்காரர் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். தராசும் மாப்பிள்ளையும் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். செல் பிழைத்ததை அவர் முதலில் சொல்லவில்லை.

"நான்தான் குடுத்தேன். மூணு தடவையும் என் கையாலதான் குடுத்தேன். உன்னோடது எல்லாம் காலின்னு நம்பிட்டேன்," என்றார்.

கண்ணாடிக்கு அந்தப்புறம் டாக்டரம்மா அவரையே பார்த்தார். தலையில் முடியில்லை, கன்னம் ஒட்டியிருந்தது, கண் மட்டும் கூர்மையாக இருந்தது. பிறகு அந்த நடுங்காத குரல் போனில் மெல்லியதாகக் கேட்டது.

"பெட்டி எங்க இருந்துச்சு?"

"ஐஸ்ல. நீ எழுதியிருந்தியே."

அந்தக் குரல் முதல் தடவையாக நடுங்கியது. "இன்னொரு வரி எழுதியிருக்கணும். காலியாத் தெரியும், காலி இல்லைன்னு. எங்க எல்லாருக்கும் தெரியும்கறதால எழுதாம விட்டுட்டேன். உங்களுக்குத் தெரியாதுன்னு தோணவே இல்லை."

வீட்டுக்காரர் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

"ராத்திரி சாப்பிட்டீங்களா?" என்றார் டாக்டரம்மா.

இல்லை என்று அவர் தலையாட்டினார்.

"போய்ச் சாப்பிடுங்க. சட்டைப் பொத்தானை ஒழுங்காப் போட்டுக்கிட்டுப் போங்க," என்றது அந்தக் குரல்.